புதையல் வேட்டைக்கு எந்தக் கருவி?

கோடை விடுமுறை வந்தால் வீடுதோறும் பிள்ளைகளின் மனுக்கள் கிளம்பும். ஒருவனுக்குச் சைக்கிள் வேண்டும். ஒருவனுக்குக் கிரிக்கெட் மட்டை வேண்டும். விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ கல்லூரியில் படிக்கும் பையன் இப்போது புதிதாக ஒரு மனுப் போடுகிறான். "அப்பா, கையடக்கமான ஜி.பி.எஸ். கருவி ஒன்று வாங்கித் தரவேண்டும். ஜியோகேச்சிங் விளையாடப் போகிறேன்" என்கிறான்.

தகப்பனார் விலையை விசாரிக்கிறார். பல ஆயிரம் ரூபாய் என்று தெரிந்ததும், "உன் சட்டைப் பையில் இருக்கும் செல்போன் வழி காட்டாதா?" என்று கேட்கிறார். "அது வேறு, இது வேறு" என்கிறான் பையன்.

இரண்டு பேர் கட்சியிலும் நியாயம் இருக்கிறது. ஆனாலும் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். புதிதாகத் தொடங்குகிறவனுக்கு முதல் வருஷம் செல்போன் போதும். தகப்பனார் பணப்பெட்டியைத் திறக்க வேண்டாம். பணம் மிச்சம் என்பது இதற்கு ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் நம் ஊர்ப்புறத்து நிலைமையைப் பற்றியது. அதற்கு வருமுன், இந்த விளையாட்டை அறியாதவர்களுக்கு நாலு வார்த்தை.

ஒருவர் ஒரு சிறு டப்பாவை ஓர் இடத்தில் ஒளித்து வைப்பார். அதற்குள் ஒரு குறிப்பு நோட்டும், பொம்மை, நாணயம் போன்ற அற்பச் சாமான்கள் சிலவும் இருக்கும். அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை இன்டர்நெட்டில் வெளியிடுவார். மற்றவர்கள் அந்த எண்களைக் கொண்டு தேடிப் போவார்கள். டப்பா அகப்பட்டால் நோட்டில் பெயரும் தேதியும் எழுதி, இருந்த இடத்திலேயே வைத்துவிட வேண்டும். ஒரு சாமானை எடுத்தால் ஈடாக இன்னொன்றை வைக்க வேண்டும். பரிசு கிடையாது. பணம் கிடையாது. கால் வலியும் நல்ல பசியும்தான் லாபம்!

பீன்ஸ் டின் வைத்த வாளி

ஜி.பி.எஸ். அமெரிக்க ராணுவத்தின் ஏற்பாடு. பூமிக்கு மேலே சுமார் 20,200 கிலோ மீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக் கோள்கள் சமிக்ஞை அனுப்புகின்றன. பொது ஜனங்களுக்கு வரும் சமிக்ஞையில் வேண்டுமென்றே ஒரு பிழையைக் கலந்து வைத்திருந்தார்கள். அதனால் சாதாரண மனிதனின் கருவி 100 மீட்டர் வரை, அதாவது அரை பர்லாங்கு தூரம், தவறிக் காட்டும். 2000-ம் ஆண்டு மே மாதம் முதல் வாரத்தில் ஜனாதிபதி கிளிண்டன் உத்தரவுப்படி அந்தப் பிழையை நீக்கினார்கள். ஒரே இரவில் உலகத்திலுள்ள எல்லாக் கருவிகளுக்கும் கண் தெளிந்தது.

மே 3-ந் தேதி ஆரிகன் மாநிலத்தில் பீவர்கிரீக் என்ற ஊருக்கு அருகே டேவ் உல்மர் என்பவர் ஒரு வாளியைப் பாதி புதைத்து வைத்தார். உள்ளே புத்தகங்கள், இன்னும் சில சாமான்கள், ஒரு பீன்ஸ் டின். எண்களை வெளியிட்டார். சில நாட்களுக்குள் ஆள் தேடி வந்துவிட்டான். அதே ஆண்டு செப்டம்பரில் ஜெரமி அயரிஷ் இதற்கென்று ஓர் இணையதளம் தொடங்கினார். விளையாட்டு உலகம் முழுவதும் பரவிற்று.

பூமியில் ஓர் இடத்தை எண்ணால் குறிக்கும் வித்தை நம் சீமைக்குப் புதிதல்ல. 1802-ல் லாம்டன் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி பரங்கிமலைப் பக்கத்தில் ஏழு மைலுக்கு மேல் ஒரு நேர்க்கோட்டைச் சங்கிலி போட்டு அளந்தார். அதை ஆதாரமாக வைத்துக்கொண்டு முக்கோணம் முக்கோணமாகத் தெற்கே வந்தார். கடலூருக்குப் பக்கத்துத் திருவந்திபுரம் வரை வந்த அந்த முதல் அளவை நம் பக்கத்துச் சீமை வழியாகத்தான் போயிற்று. அவருடைய தியோடலைட் கருவியின் எடை அரை டன். அதைத் தூக்கிக்கொண்டு மலையிலும் கோபுரத்திலும் ஏறினார்கள். அதைவிடச் சுலபமாக இன்று சட்டைப் பையில் உள்ள பொருள் இடத்தைச் சொல்லிவிடுகிறது. அதுவும் போதாது என்று பையன் மனுப் போடுகிறான்!

இரண்டுக்கும் ஒரே வானம்

செல்போனும் சரி, தனிக் கருவியும் சரி, கேட்பது ஒரே செயற்கைக் கோள்களின் குரலைத்தான். குறைந்தது நாலு கோள்களின் சமிக்ஞை வந்தால் கருவி தன் இடத்தைக் கணக்கிட்டுக்கொள்ளும். கோளிலிருந்து நம்மிடம் வந்து சேர ஏறக்குறைய ஒரு வினாடியில் பதினைந்தில் ஒரு பங்கு நேரம் ஆகிறது. அந்த நேரத்தை அளப்பதில் ஒரு வினாடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினாலும் தூரத்தில் 300 மீட்டர் பிசகும். இவ்வளவு நுணுக்கமான கணக்கை இரண்டு கருவிகளும் செய்கின்றன.

"டவர் இல்லாத இடத்தில் செல்போனின் ஜி.பி.எஸ். வேலை செய்யாது" என்று பலர் சொல்லுகிறார்கள். இது தவறு. டவர் இருந்தால் இடத்தைச் சீக்கிரம் பிடிக்கும். இல்லாவிட்டால் சற்றுத் தாமதமாகும். அவ்வளவுதான். டவர் இல்லாத இடத்தில் காணாமல் போவது தேசப்படம். திரையில் ஒரு நீலப் புள்ளி நிற்கும். அதைச் சுற்றி வெறும் சாம்பல் நிறம் இருக்கும். வீட்டிலேயே அந்தப் பகுதியின் படத்தைப் போனில் இறக்கி வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லை இல்லை.

திறந்த வெளியில் நல்ல செல்போன் சுமார் 5 மீட்டருக்குள் இடத்தைக் காட்டும். தனிக் கருவியும் ஏறத்தாழ அப்படித்தான். ஒளித்து வைத்தவரின் கருவியிலும் இதே பிழை இருந்திருக்கும் அல்லவா? இரண்டு பிழையும் சேர்ந்தால் பத்தடியும் தவறலாம், முப்பதடியும் தவறலாம். எந்தக் கருவியானாலும் கடைசிப் பத்துத் தப்படியைக் கண்தான் தேட வேண்டும். விலை கொடுத்து வாங்கினால் கருவி நேரே டப்பாவின் மூடியில் கொண்டுபோய் நிறுத்தும் என்று பையன் நம்பினால் ஏமாந்துபோவான்.

தனிக் கருவி ஜெயிக்கும் இடங்களையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். புளிய மரங்கள் அடர்ந்த காடு என்பதால் திந்திரிணி வனம் என்றிருந்த பெயரே திண்டிவனம் ஆயிற்று என்பார்கள். அப்படிப்பட்ட அடர்ந்த மரத்தடியில் இலைக்கூட்டம் சமிக்ஞையைக் குறைத்துவிடும். செஞ்சி மலைகளில் உள்ளதுபோன்ற கருங்கல் பாறைகளுக்கு நடுவே சமிக்ஞை பாறையில் மோதித் திரும்பி வரும். நேரே வந்ததற்கும் மோதி வந்ததற்கும் வித்தியாசம் தெரியாமல் கருவி தடுமாறும். நீலப் புள்ளி இங்கும் அங்கும் குதிக்கும். இந்த மாதிரி இடங்களில் நல்ல ஆன்டெனா உள்ள தனிக் கருவி கொஞ்சம் நிதானமாக நிற்கும்.

வெயில் இன்னொரு சங்கதி. சித்திரை வெயிலில் பாறைமேல் அரை மணி நேரம் செல்போனைப் பிடித்துக்கொண்டு நின்றால் அது கொதித்துப்போய், "ஆறட்டும், பிறகு பார்க்கலாம்" என்று அணைந்துவிடும். திரையும் வெளிச்சத்தில் தெரியாது. தனிக் கருவியின் திரை வெயில் அடிக்க அடிக்க நன்றாகத் தெரியும்படி செய்யப்பட்டது. பெட்டிக்கடையில் கிடைக்கும் இரண்டு பேனா பாட்டரி போட்டால் ஒரு பகல் முழுவதும் தாராளமாக ஓடும். கீழே விழுந்தால் உடையாது. மழையில் நனைந்தால் கெடாது. செல்போனோ பாறையிடுக்கில் விழுந்தால் பாங்குக் கணக்கு, ரயில் டிக்கெட், அம்மாவின் நம்பர் எல்லாம் அதனோடு போய்விடும்.

இதற்குச் செலவில்லாத மார்க்கம் ஒன்று உண்டு. அநேகமாக ஒவ்வொரு வீட்டு அலமாரியிலும் ஒரு பழைய செல்போன் தூங்கிக்கொண்டிருக்கிறது. அதில் சிம் கார்டே வேண்டாம். வீட்டில் உள்ள இன்டர்நெட்டைக் கொண்டு படத்தை இறக்கி, தேட வேண்டிய எண்களையும் பதித்துக்கொண்டால் அதுவே தனிக் கருவி ஆகிவிடும். விழுந்தாலும் மனம் பதறாது. புதுப் போன் பைக்குள் குளிர்ச்சியாக இருக்கட்டும். ஆபத்து என்றால் 112-க்கோ 108-க்கோ கூப்பிட அது முழுச் சார்ஜுடன் தயாராக இருக்கும். தனிக் கருவியால் 108-ஐக் கூப்பிட முடியாது என்பதையும் பையன் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

புள்ளி செய்யும் மோசம்

புதியவர்கள் ஏமாறுவது அதிகமும் கருவியால் அல்ல, எண்களை எழுதும் முறையால்தான். செல்போன் படங்கள் பெரும்பாலும் டிகிரியைத் தசமமாகக் காட்டும். இந்த விளையாட்டுக்காரர்களும் தனிக் கருவிகளும் டிகிரி, மினிட் என்று பிரித்து எழுதுவார்கள். திண்டிவனம் ஏறக்குறைய 12.234 டிகிரி வட அட்சத்தில் இருக்கிறது. தசமப் பகுதியை 60-ஆல் பெருக்கினால் 14.04. ஆகவே 12 டிகிரி 14.04 மினிட் என்று எழுத வேண்டும். அவசரக்காரன் 12 டிகிரி 23.4 மினிட் என்று பதித்துவிடுவான். பார்வைக்கு அதே எண்கள்தானே! ஒரு மினிட் என்பது நம் பக்கத்தில் சுமார் 1.84 கிலோ மீட்டர். இந்தப் பிசகால் ஆள் 17 கிலோ மீட்டர் வடக்கே, ஒலக்கூரையும் தாண்டிப் போய் நிற்பான். போனையும் திட்டுவான், அமெரிக்க ராணுவத்தையும் திட்டுவான்.

ஜியோகேச்சிங்குக்கு என்றே உள்ள செல்போன் ஆப் இந்த மாற்றத்தைத் தானே செய்துவிடும். எண்ணைக் கையால் பதிக்க வேண்டியதில்லை. ஆனாலும் ஒரு தடவையாவது பேப்பரில் போட்டுப் பார்ப்பது நல்லது. பள்ளிக்கூடத்துப் பூகோளப் பாடம் அப்போதுதான் உயிர் பெறும்.

ஒளிந்து ஒளிந்து தேடலாமா?

இனி முக்கியமான விஷயம். மேல்நாட்டில் இந்த விளையாட்டை வேடிக்கை பார்ப்பவர்களுக்குத் தெரியாமல் ஆடுவது ஒரு மரபு. யாராவது வந்தால் ஷூ கயிற்றைக் கட்டுவதுபோல் பாசாங்கு செய்வார்கள். ஆள் போனபிறகு புதரில் கையை விடுவார்கள். அங்கே இது தமாஷ். இங்கே இது ஆபத்து.

2018-ம் ஆண்டு மே மாதம் நடந்ததை நம் பக்கத்தார் மறந்திருக்க முடியாது. சென்னையிலிருந்து ஒரு குடும்பத்தார் பக்கத்துத் திருவண்ணாமலை மாவட்டத்தில் போளூருக்கு அருகே உள்ள தங்கள் குலதெய்வக் கோயிலைத் தேடிக் காரில் போனார்கள். அத்திமூரில் வழி கேட்க இறங்கினார்கள். அங்கிருந்த குழந்தைகளுக்கு ஆசையாகச் சாக்லேட் கொடுத்தார்கள். பிள்ளை பிடிக்கிறவர்கள் ஊருக்குள் சுற்றுகிறார்கள் என்ற வதந்தி வாட்ஸ்அப்பில் பரவியிருந்த சமயம் அது. கூட்டம் கூடி அவர்களை அடித்தது. 65 வயது அம்மையார் ஒருவர் உயிர் இழந்தார். மற்றவர்கள் காயம் பட்டார்கள். அவர்கள் செய்த குற்றம், வழி தெரியாமல் நின்றதும் குழந்தையிடம் அன்பு காட்டியதும்தான்.

குலதெய்வத்தைத் தேடிப் போன வயதான அம்மாவுக்கே இந்தக் கதி என்றால், பெயர் தெரியாத கருவி ஒன்றைக் கையில் ஏந்திக்கொண்டு, அடுத்தவர் கொல்லையில் குனிந்து குனிந்து தேடும் வாலிபனை என்ன நினைப்பார்கள்? நிலம் அளக்க வந்தவன் என்று சொன்னால் ஒரு தகராறு. புதையல் தேடுகிறவன் என்று சொன்னால் இன்னொரு தகராறு. செல்போனை எல்லாருக்கும் தெரியும். கூப்பிட்டுத் திரையைக் காட்டி, "தாத்தா, இந்த இடம் எது? இந்த மாதிரி ஒரு விளையாட்டு" என்று சொல்லலாம். நம் தீர்ப்புக்குப் பெரிய காரணம் என்று முன்னால் சொன்னது இதைத்தான்.

ஆகவே ஊருக்குள் நுழைந்ததும் முதலில் டீக்கடையில் உட்கார வேண்டும். எங்கே போகிறோம், எதற்குப் போகிறோம் என்பதைச் சொல்ல வேண்டும். தனியாகப் போகக் கூடாது. இருட்டிய பிறகு தேடக் கூடாது. குழந்தைகளுக்குத் தின்பண்டம் கொடுக்கவே கூடாது. இதனால் விளையாட்டின் ரகசியம் கெடுமே என்று அந்த வேட்டைக்காரர்கள் நம்மைக் கோபித்துக்கொள்ளலாம். கெடட்டும்.

ஒளித்து வைப்பதிலும் யோசனை வேண்டும். ஐந்து திசையில் ரயில் பாதை பிரியும் விழுப்புரம் ஜங்ஷனில், ஒரு பெஞ்சுக்கு அடியில் யாரோ டப்பாவைச் செருகி வைத்தால் என்ன ஆகும்? போலீஸ் நாய் வரும். ரயில் நிற்கும். வைத்தவன் ஸ்டேஷனில் உட்காருவான். அது ரயில்வே ஸ்டேஷன் அல்ல. பாலம், பள்ளிக்கூடம், கோயில் இவற்றின் பக்கமும் போக வேண்டாம். செஞ்சிக்கோட்டை மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. 2025 ஜூலையில் மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டில் ஒன்றாக யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் சேர்ந்தது. அந்தக் கல்லிடுக்கில் பிளாஸ்டிக் டப்பா செருகுவதை நாம் ஒப்ப மாட்டோம். எந்த இடமானாலும் சொந்தக்காரர் சம்மதம் இல்லாமல் வைக்கக் கூடாது என்பது விளையாட்டின் விதி. முதல் வாளியைப் பாதி புதைத்தார்கள் என்பதற்காக மண்ணைத் தோண்ட வேண்டாம். அதையும் இப்போது விதி தடுக்கிறது.

வாங்கியே தீருவேன் என்றால்

ஒரு வருஷம் ஆடிப் பார்த்தும் ஆசை தீராதவன், மலையும் காடுமாகச் சுற்றுகிறவன், தனிக் கருவி வாங்கட்டும். அவனுக்கு அது வீண் செலவு அல்ல. ஆனால் கடைக்காரர் காட்டுவதையெல்லாம் வாங்கிவிடக் கூடாது. வெறும் ஜி.பி.எஸ். கருவி கேட்க மட்டும் செய்யும். எதையும் அனுப்பாது. விலை கூடிய சில மாடல்களில் டவர் இல்லாத இடத்திலிருந்தும் செயற்கைக் கோள் வழியாகச் செய்தி அனுப்பும் வசதி சேர்ந்திருக்கிறது. வெளிநாட்டில் மலை ஏறுகிறவர்களுக்கு அது உயிர் காக்கும் சாதனம். நம் நாட்டிலோ தொலைத்தொடர்புத் துறையின் அனுமதி இல்லாமல் அப்படிப்பட்ட கருவியை வைத்திருப்பது குற்றம். 2008-ல் மும்பையைத் தாக்கிய பயங்கரவாதிகள் சாட்டிலைட் போன் உபயோகித்தார்கள். அதன்பின் கண்டிப்பு அதிகமாயிற்று. 2024 டிசம்பரில்கூட இத்தகைய கருவி வைத்திருந்த வெளிநாட்டுப் பயணியைக் கோவா விமான நிலையத்தில் தடுத்து நிறுத்தினார்கள். சிங்கப்பூரிலிருந்தோ துபாயிலிருந்தோ வரும் மாமாவிடம் "ஒன்று வாங்கி வாருங்கள்" என்று சொல்லியனுப்பும் மருமகன், மாமாவின் நிலைமையையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

முதல் ஞாயிற்றுக்கிழமை

டப்பாவே இல்லாத ஒரு வகையும் இந்த விளையாட்டில் உண்டு. எர்த்கேச் என்கிறார்கள். அமெரிக்கப் பூகர்ப்ப சங்கத்தார் 2004-ல் தொடங்கி வைத்தது. குறிப்பிட்ட இடத்துக்குப் போய், அங்குள்ள பாறையையோ மண்ணையோ பார்த்து, கேட்ட கேள்விக்கு விடை எழுதி அனுப்ப வேண்டும். எதையும் ஒளிக்க வேண்டாம், எடுக்கவும் வேண்டாம். நம் ஊருக்கு இதுதான் தோதானது என்று நினைக்கிறோம்.

அதற்குத் திருவக்கரையைவிடச் சிறந்த இடம் எது? திண்டிவனம் – புதுச்சேரி சாலையிலிருந்து உள்ளே போனால் கல்மரப் பூங்கா இருக்கிறது. சுமார் 2 கோடி வருஷங்களுக்கு முன் வெள்ளத்தில் அடித்துவரப்பட்டுப் புதைந்த மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. 1781-லேயே சொன்னரா என்ற பிரெஞ்சுக்காரர் இவற்றைப் பார்த்து எழுதியிருக்கிறார். இப்போது இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் பராமரிப்பில் உள்ளது. மரத்தின் வளையமும் கணுவும் கல்லில் அப்படியே தெரியும். தொட்டுப் பார்த்தால் மட்டுமே கல் என்று நம்ப முடியும்.

பையன் இரண்டு நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு முதல் வேட்டைக்கு அங்கே போகட்டும். வீட்டிலிருந்தே படத்தை இறக்கிக்கொள்ளட்டும். தானே ஒரு கல்மரத்தின் எண்களைக் குறித்து, நோட்டில் எழுதி, இன்னொருவனிடம் கொடுத்துத் தேடச் சொல்லட்டும். பழைய போனும் புதுப் போனும் ஒரே இடத்தில் எத்தனை அடி வித்தியாசம் காட்டுகின்றன என்று அளந்து பார்க்கட்டும். வரும்போது ஞாபகார்த்தமாக ஒரு துண்டுக் கல்லைக்கூடப் பையில் போட்டுக்கொள்ளக் கூடாது. தொப்பியும் தண்ணீரும் அவசியம். பௌர்ணமி நாளாக இருந்தால் பிரயாணத்தை ஒரு வாரம் தள்ளி வைக்கலாம். வக்கிரகாளியம்மன் கோயிலுக்கு வரும் கூட்டத்தில் அன்று பஸ்ஸில் கால் வைக்க இடம் கிடைக்காது.